உடம்பின் முதல் காவல்படை



ஃபிட்டிங் ஷாப்பில் தகட்டின் பிசிறு விரலைக் கிழிக்காத மாணவன் நம்மில் யாராவது உண்டா? எண்ணெய்ப் பிசுக்குள்ள காட்டன் வேஸ்டால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "சும்மா கீறல்தாம்ப்பா" என்று மறுபடியும் அரத்தைக் கையில் எடுத்துவிடுகிறோம். அந்தக் கீறலுக்குள் ஒரு போரே நடக்கிறது! நான் மெக்கானிக்கல் பிரிவு மாணவன்தான். ஆனாலும் இதைப் படித்தபோது வியந்துபோனேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் மதில் சுவர். தோல் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழைய முடியாது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் லைசோசைம் என்ற பொருள் இருக்கிறது. இது பாக்டீரியாவின் செல் சுவரையே உடைத்துவிடும். 1922-ல் இதைப் பற்றி எழுதியவர், பின்னாளில் பெனிசிலின் கண்டுபிடித்த அதே அலெக்சாண்டர் ஃபிளெமிங்! இரைப்பையில் சுரப்பதோ, நாம் கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

மதில் உடைந்தால்? தோலுக்கடியில் ரோந்து சுற்றும் மாக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி செல்கள், 'இது நம்ம ஆள் இல்லை' என்று கிருமியை அடையாளம் கண்டு விழுங்கும்; கூடவே ரசாயனச் செய்தியும் அனுப்பும். உடனே அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரியும். அதனால்தான் காயம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் படையாக வந்து சேரும். எலும்பு மஜ்ஜை இவற்றை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி தயாரிக்கிறது! எந்த ஃபேக்டரியில் இந்த உற்பத்தி உண்டு? கிருமியை விழுங்கி, போரில் மடிந்த இந்த வீரர்கள்தான் சீழில் பெரும்பகுதி.

இதை முதலில் கண்டவர் ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்து நின்றன! 1908-ல் பால் எர்லிக்குடன் சேர்த்து இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படீன்னா கவலையே வேண்டாமா? அங்குதான் ஆபத்து. இந்தப் படை வேகமானது. ஆனால் ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனி ஆயுதம் செய்யத் தெரியாது. டெட்டனஸை எடுத்துக்கொள்வோம். துரு பிடித்த ஆணியால் இது வருகிறது என்போம். உண்மையில் துரு காரணமல்ல. மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் இருக்கும் கிருமி வித்துகளே காரணம். காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். நஞ்சு நரம்பு வழியே ஏறினால் தாடை இறுகும், உடம்பு வில்லாய் வளையும், உயிரே போகலாம். விழுங்கும் செல்களால் இந்த நஞ்சைத் தடுக்க முடியாது. அதற்குரிய எதிர்ப்பொருளை முன்கூட்டியே தயார் செய்து வைப்பது தடுப்பூசிதான். ஒருமுறை இந்நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட ஊசி போட்டால்தான் பாதுகாப்பு! 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ஊசியை நாம் போட்டுக்கொண்டோமா? இன்றே வீட்டில் கேளுங்கள்.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூளோ கிரீஸோ அப்பாதீர்கள். ஆழமாகக் குத்தியிருந்தாலோ, துகள் உள்ளே தங்கியிருந்தாலோ, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு ஷாப்பிலும் குழாயடியில் ஒரு சோப்பும், சுவரில் ஒரு முதலுதவிப் பெட்டியும் இருக்க நமது மாணவர் பேரவை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நாம் தூங்கும்போதும் விழித்திருந்து நமக்காக மடிகிற படை அது. அதற்கு நாம் தரும் கூலி, ஒரு நிமிடத் தண்ணீரும் ஒரு ஊசியும்தானே நண்பர்களே!