பழைய பிளேஸ்டேஷனுக்குக் கணினி ஈடாகுமா?

2000-இல் வெளியான பிளேஸ்டேஷன் 2-இன் விளையாட்டுகளை இன்று கன்சோலைப் போலவே செயல்படும் எமுலேட்டர் மென்பொருள் மூலம் கணினியில் ஆடலாம். பெரும்பாலானவை நன்றாகவே ஓடும். தொடங்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

• பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் இலவசம். ஆனால் அது இயங்க, கன்சோலின் அடிப்படை மென்பொருளான பயாஸ் கோப்பு வேண்டும். உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்தே அதை எடுங்கள். இணையத்தில் இறக்கினால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். வைரஸ் அபாயமும் உண்டு.

• டிஸ்க்குகள் கீறல் விழுந்து பாழாகும் முன், கணினியின் டிவிடி டிரைவில் போட்டு ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்து வையுங்கள்.

• பிராசஸரில் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகமே முக்கியம். பழைய மடிக்கணினியில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடலாம்.

• எமுலேட்டரில் ரெசல்யூஷனைக் கூட்டலாம். புதிய டிவியில் கன்சோலைவிடப் படம் தெளிவாகத் தெரியும்.

• ஆட்டத்தை அந்தக் கணத்திலேயே எமுலேட்டர் சேமிக்கும் ‘சேவ் ஸ்டேட்’டை மட்டும் நம்பாதீர்கள். எமுலேட்டரைப் புதுப்பித்தபின் பழையது திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயே மெமரி கார்டிலும் சேமியுங்கள்.

• திரையைக் குறிபார்த்துச் சுடும் அக்காலத் துப்பாக்கிக் கன்ட்ரோலர், பழைய குழாய் டிவியில்தான் வேலை செய்யும். அதற்குக் கன்சோலே ஏற்றது.

அன்றாட விளையாட்டுக்குக் கணினி போதும். ஆனால் நல்ல நிலையில் உள்ள கன்சோலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எமுலேட்டரில் சரியாக ஓடாத விளையாட்டுகளுக்கு அதுவே கைகொடுக்கும்.