செப்புத்தகட்டில் அரசியர் முகம்

கொங்கு நாட்டிற் செப்பேடு என்னும் சொல்லைக் கேளாதார் அரியர். கொடையும் காணியுரிமையும் உளியால் வெட்டப்பெற்ற பட்டயங்கள் பல இந்நாட்டிலே காக்கப்பெற்று வந்துள்ளன. நம்மவர் எழுத்தைப் பொறித்த அச்செம்பின்மீதே, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சித்திரகாரர் அரசியரின் முகங்களைப் பொறித்தனர். ஆடம்பரம் மிக்க அக்கலைக்காலத்தைப் 'பரோக்' காலம் என்பர்.

அவர்தம் தொழின்முறை வியக்கத்தக்கது. மெருகேற்றிய தகட்டிலே கூரிய எஃகுளியைத் தள்ளிக் கோடு கீறுவர். பள்ளங்களில் மையைப் புகுத்தி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே செலுத்துவர். தாள் மையைப் பற்றிக்கொள்ளும். ஆனால் இடம் வலமாக மாறும். ஆதலின் படத்தின்கீழ் வரும் பெயரைத் தலைமாற்றி வெட்டல் வேண்டும். நம் பட்டயக்காரருக்கு இத்தொல்லை இல்லை. அவர் வெட்டியதே படிக்கும் எழுத்து. வண்ணமோ ஒன்றுதான். கரிய துகிலும் ஒளிரும் முத்தும் மெல்லிய கன்னமும், கோடுகளின் நெருக்கத்தாலும் நெகிழ்வாலுமே தோன்றல் வேண்டும்.

இதில் தலைசிறந்தவர் பிரான்சு தேசத்து ராபர்ட் நாந்தேய் (1623–1678). சுவீடன் அரசி கிறிஸ்தினாவை 1654இலும், பதினான்காம் லூயி மன்னனின் தாய் ஆன் அரசியை 1660இலும் பொறித்தார். அவ்வாண்டிலேயே அம்மன்னன், செதுக்குவேலை கைத்தொழிலன்று, சுதந்திரக் கலையே எனக் கட்டளையிட்டான்.

ஆன் அரசி, கணவனை இழந்து, சிறுவனான மகனுக்காக 1643 முதல் ஆண்டவள். நம் மதுரை மங்கம்மாளும் அத்தகையள். குழந்தையான பேரன் விசயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரை அரசு செலுத்தினாள். அவள் உருவம் மீனாட்சியம்மன் கோயிலில், பொற்றாமரைக் குளத்தருகே ஊஞ்சல் மண்டப விதானத்தில், தெய்வத் திருமணக் காட்சியிலே பேரனுடன் தீட்டப்பெற்றுள்ளது. செம்பு நம்மிடம் இருந்தது, உளியும் இருந்தது. தாளில் ஒற்றும் எண்ணமே எழவில்லை. அதனால் ஆன் அரசியின் முகம் அயல்நாடுகளுக்கும் தாளாய்ச் சென்றது. மங்கம்மாளைக் காண விரும்புவோர் மதுரைக்கே செல்லல் வேண்டும்.

எனினும், இதனை இழப்பென்றே கொள்ள யான் ஒருப்படேன். செப்புப்படத்தரசி தனித்து, சட்டத்துள் அடைபட்டு, நம்மை நோக்குகிறாள். மங்கம்மாளோ தெய்வத்தின் மணவிழாவிற்கு வந்த சுற்றத்தாருள் ஒருத்தியாய் நிற்கிறாள். நம்மை நோக்குதல் அவள் கருத்தன்று. உருவங்களின்கீழ்த் தமிழிலும் தெலுங்கிலும் பெயர் எழுதியுள்ளனர். கழுத்து நோவ அண்ணாந்து அவ்வெழுத்தைப் படித்த பின்னரே, அவள் இன்னாள் என அறிகிறோம்.