விருந்தினராய்ச் செல்லும் பூங்கா

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில் உள்ளது ஹைடா குவாய் தீவுக்கூட்டம். அதன் தென்பகுதியே குவாய் ஹானஸ் தேசியப் பூங்கா. அங்கே செல்லச் சாலை இல்லை. படகோ கடல் விமானமோதான் துணை. செல்ல விரும்புவோர் முன்பதிவு செய்வதோடு, அறிமுக வகுப்பு ஒன்றிலும் பங்கு கொள்ளல் வேண்டும். பூங்காவைக் காண வகுப்பு எதற்கு? விடை அத்தீவுகளின் வரலாற்றில் இருக்கிறது.

பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்பவர்கள் ஹைடா மக்கள். செடார் மரத்தில் தூண்கள் செதுக்கிக் குலப்பெருமையை நிலைநாட்டியவர்கள். 1862-இல் பரவிய பெரியம்மை ஊர் ஊராக உயிர்களைக் கொள்ளை கொண்டது. எஞ்சியோர் வடக்கே இரண்டு ஊர்களில் ஒன்றுகூடினர். தென்புறத்து ஊர்கள் வெறுமையாயின. அவற்றுள் ஒன்றான ஸ்காங் குவாயை 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஆட்கள் நீங்கினும் உரிமை நீங்கிவிடுமா? லயல் தீவில் காடு அழிக்கப்படுவதைக் கண்ட ஹைடா மக்கள், 1985-இல் மரம் ஏற்றும் சாலையை மறித்து நின்றனர். முதியோர் உட்பட 72 பேர் கைதாயினர். 1987-இல் பூங்கா அமைக்க அரசுகள் இசைந்தன.

ஆயினும், நிலம் யாருடையது? இங்கேதான் நாம் கற்கத்தக்க பாடம் உள்ளது. 1993-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், நிலம் எமதே என்று ஹைடா மக்களும், எமதே என்று கனடா அரசும் தத்தம் கூற்றை அருகருகே எழுதினர். வேறுபாட்டை மறைக்கவில்லை, அது தீரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த குழுவிடம் நிருவாகத்தை ஒப்படைத்தனர். பின்னர் 2024-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசும், 2025-இல் கனடா அரசும் ஹைடா மக்களின் நிலவுரிமையை ஏற்று உடன்படிக்கை செய்தன.

கோடைக் காலத்தில் பழைய ஊர்களில் ஹைடா காவலர்கள் தங்குகின்றனர். வருவோர் அவர்களது இசைவு பெற்றே கரையேறுவர். ஒரே வேளையில் பன்னிருவருக்கு மேல் இறங்குதல் ஆகாது. தூண்கள் காலத்தால் சாய்ந்து மண்ணோடு கலப்பதையும் அம்மக்கள் இயல்பென்றே ஏற்கின்றனர்.

தோழர்களே! தொல்குடியினர் வாழும் நிலங்கள் நம் நாட்டிலும் பல உள. அங்கே செல்லும்போது, காணத்தக்கவை எவை என்று கேட்குமுன், இது யாருடைய இல்லம் என்று கேட்போமாக.