குன்றுதானே என்று சொல்லாதே, தம்பி

டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றுக் காட்டில் ஏறிச் சுற்றி வரப்போகிறேன் என்றாய். மகிழ்ச்சி. சிராங்கூன் சாலைப் பக்கமே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அந்தக் காடு எனக்குப் பழக்கமான காடு. உன் காலுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை, வயது உன் பக்கம் இருக்கிறது. மனசுக்குத்தான் சிலது சொல்ல வேண்டும்.

1. உயரத்தைக் கேட்டுச் சிரிக்காதே. உச்சியில் இருக்கும் பாறையில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கும். டக்ஸ்டனில் நிற்கும் ஐம்பது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடமே 156 மீட்டர். இந்தக் கணக்கை வைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் அக்காள் மகன் தேசிய சேவை முடித்த கையோடு, ‘இதெல்லாம் ஒரு மலையா மாமா’ என்று தண்ணீர்கூட எடுக்காமல் ஓடினான். தொடக்கத்திலேயே தார்ச்சாலை செங்குத்தாக நிமிரும். நான் போய்ச் சேரும்போது சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எழுபது வயதிருக்கும் ஒரு சீனப் பாட்டி தன் தண்ணீர்ப் புட்டியை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஏறும்போது மூச்சு பேசும், இறங்கும்போது முட்டி பேசும். இரண்டையும் கேட்டு நட.

2. நமக்கு ஏது குளிர்காலம் என்று நினைக்காதே. ஆசியாவின் வடக்கே குளிர் இறுகும்போது அங்கிருந்து கிளம்பும் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு இங்கே வந்து கொட்டுகிறது. அதுதான் நம் வடகிழக்குப் பருவமழை. சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைத் தாண்டிவிட்டது. நனைந்த உடம்போடு காற்றில் நின்றால் நிலநடுக்கோட்டிலும் பல் கிட்டும். மாற்றுச் சட்டை ஒன்றும் காலுறை ஒரு ஜோடியும் பையில் இருக்கட்டும். வானிலைச் செயலியைப் பார். பிறகு வானத்தையும் பார்.

3. விடிந்ததும் கிளம்பு. லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் ரயில் ஏறினால் மாறாமல் கொள்ளாமல் பியூட்டி வேர்ல்டில் இறங்கிவிடலாம். காட்டை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள், மாலை ஏழுக்கு மூடுகிறார்கள். ரயில் ஏறுமுன் தேக்கா சந்தையில் இரண்டு இட்லி போதும். மலை ஏறுகிறோமே என்று நெய்த் தோசையாக அடுக்காதே.

4. சேறு வந்தால் சேற்றிலேயே கால் வை. இதை நான் எல்லாரிடமும் சொல்வேன், பாதிப் பேர் கேட்பதில்லை. புதுச் சப்பாத்து அழுக்காகுமே என்று ஒருவர் குட்டையைச் சுற்றிப் போவார். அடுத்தவர் அதையும் சுற்றுவார். ஓரடிப் பாதை ஐந்தடி ஆகும். செடி சாகும், வேர் வெளியே வரும், அடுத்த மழையில் மண் சரியும். இப்படித் தேய்ந்த பாதைகளையும் சரிவுகளையும் சீராக்கத்தான் 2014 செப்டம்பரில் புக்கிட் தீமாவை மூடினார்கள். முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில். கெட்ட எண்ணம் உள்ளவன் எவனும் அதைக் கெடுக்கவில்லை. சப்பாத்தைக் காப்பாற்ற நினைத்த நல்லவர்கள் கெடுத்தது அது. சப்பாத்தைக் கழுவிக்கொள்ளலாம்.

5. பாதையை விட்டு விலகாதே. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1854-இல் இங்கே வந்து வண்டு பிடித்தார். அப்போது இந்தக் காட்டில் புலி உண்டு. புலிக்காக வெட்டிய ஆழமான குழிகளைக் குச்சியும் இலையும் போட்டு மூடியிருந்ததாக எழுதியிருக்கிறார். இன்று குழியில்லை, ஆனால் ஈர இலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாலஸிடம் கற்க இன்னொன்றும் உண்டு. சுமார் ஒரு சதுர மைல் இடத்தில், ஏறக்குறைய இரண்டு மாதத்தில், எழுநூறு வகை வண்டுகளைச் சேகரித்தார். நீ உச்சிப் பாறையோடு படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி, ‘அங்கே ஒன்றுமே இல்லை’ என்று என்னிடம் சொல்லாதே. டெய்ரி ஃபார்ம் பக்கம் இறங்கினால் அவர் பெயரிலேயே ஒரு பாதை இருக்கிறது. அங்கே கொஞ்சம் மெதுவாக நட.

6. குரங்குக்குத் தீனி போடாதே. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே அவை வந்துவிடும்; தேக்காவில் வாங்கிய வடைப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போகிறவர் வடையை மறந்துவிடலாம். தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட, மனிதக் கையை நம்பிப் பழகிய குரங்கு கடைசியில் தொல்லை என்று பெயர் வாங்கிப் பிடிபடுகிறதே, அதை நினைத்துச் செய். அப்படியே இன்னொன்று: ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டாம். இளையராஜாவே ஆனாலும் வேண்டாம்.

7. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகம். திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்களே, யார் முதலில் முடித்தார் என்று அங்கே யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறாயா? மலையைச் சுற்றும் நடையில் நம் ஊர் மரபு அதுதான். முன்னால் போய் மேலே நின்று கைதட்டிக் கூப்பிடாதே. பின்னால் வருகிறவருக்கு அது ஊக்கம் அல்ல, அவமானம்.

8. இடி கேட்டால் திரும்பு. உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும் திரும்பு. மரத்தடியில் ஒதுங்காதே, கூரையுள்ள இடமாகத் தேடு. பல நாள் மழையில் ஊறிய மண்ணில் பெரிய மரத்தையும் நம்ப முடியாது. 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில், பராமரிப்பில் இருந்த 270 ஆண்டுப் பழைய தெம்புசு மரமே வேரோடு சாய்ந்து ஒரு பெண்ணின் உயிரைக் கொண்டுபோனது. பாதியில் இறங்கி வந்த நாள்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உன்னோடு வருகிறவர்கள் கேலி செய்தால், ‘பெரியப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்று என் மேல் பழியைப் போட்டுவிடு.

9. போகிற சாலையை யார் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டு போ. 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். தீவின் பழைய சாலைகள் பலவற்றை வெட்டியது அவர்கள் கைதான். புக்கிட் தீமா சாலையும் அதில் ஒன்று. அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பக்கத்தவரும் இருந்தார்கள். இன்றும் அந்தக் காட்டில் விழுந்த மரத்தை அறுத்து, படிகளைக் கூட்டி, வழியைத் திறந்து வைக்கிற ஊழியரைப் பார்ப்பாய். நின்று ஒரு வணக்கம் சொல். தமிழில் பதில் வந்தாலும் வரும்.

10. இதை முடித்த பிறகு மெக்ரிட்சிக்கு வா, நானும் வருகிறேன். நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பத்துப் பதினொரு கிலோமீட்டர் வரும். இரண்டு மேடுகளுக்கு நடுவே 250 மீட்டர் தொங்குபாலம் உண்டு. அது ஒருவழிப் பாதை, திங்கட்கிழமை மூடியிருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சொல்.