ஒரே மண்ணுக்கு இரண்டு முடிவு இல்லை

அன்புள்ள தம்பி,

போன ஞாயிறு தோசைக் கடையில் நீ சொன்னது இன்னும் மனசில் உறுத்துகிறது. "என் வீட்டுக் குத்தகையை மட்டும் 90 ஆண்டு நீட்டிக்கப் போகிறேன், ஐயா. 80 ஆண்டுக்குக் கீழே போகப் போகச் செலவு ஏறுமாம்" என்றாய். லண்டன்காரர் ஒருவரின் காணொளியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய்.

இங்கிலாந்துக்கு அது சரி. அங்கே அடுக்குமாடி நிற்கும் நிலம் பெரும்பாலும் தனியார் கையில். 1993ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தனித்தனியே 90 ஆண்டு நீட்டிப்புப் பெறும் உரிமையைக் கொடுத்தது. 80 என்ற எல்லையும் அந்த ஊர்க் கணக்குத்தான். உன் வீடு பூச்சோங்கில் இருக்கிறது. நிலம் கொடுத்தது செலாங்கூர் மாநில அரசு. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி, தவணை முடிந்தால் நிலம் மாநில அரசிடம் திரும்பிவிடும். நீட்டிக்கச் சொல்லி மனுப் போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். கேட்கலாம் என்பதைக் கிடைக்கும் என்று படித்துவிட்டாய்.

"ஃபிளாட் வாங்கினேன்" என்று நீங்கள் எல்லாரும் சொல்வதுதான் குழப்பத்தின் வேர் என்பேன். பாண்டியர், சோழர் காலச் சாசனங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் கிழவன் நான். அவற்றில் காராண்மை, மீயாட்சி என்று இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும். நிலத்தை உழுது பயன்கொள்வது காராண்மை. அதற்கு மேலே நிற்கும் உரிமை மீயாட்சி. ஒரே வயலில் இரண்டு உரிமை, இரண்டு ஆள். தானம் கொடுத்தவர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தனியே எழுதி வைத்தார்கள், பிறகு வழக்கு வராமல் இருக்க. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்களுக்குத் தெளிவாக இருந்தது இது. நீ கையெழுத்துப் போட்டு வாங்கியது காராண்மை. மீயாட்சி ஷா ஆலமில், மாநில அரசிடம் இருக்கிறது. உன் பட்டாவில் 'பஜாக்கான்', அதாவது குத்தகை, என்று போட்டிருக்குமே, அடகுக் கடைப் பலகையில் 'பஜாக் காடாய்' என்று தொங்குவதும் அதே 'பஜாக்'தான். அடகுக் கடைக்குப் போனவர் எவரும் நகையை விற்றுவிட்டேன் என்று சொல்வதில்லை. வீட்டு விஷயத்தில் மட்டும் நமக்கு நாக்கு தடுமாறுகிறது.

சரி, உபதேசம் போதும். உன் அம்மா 'கிராண்ட்' என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கும் தாளை எடுத்துப் பார். மாடி எண், வீட்டு எண், அவற்றோடு உன் பங்கைக் காட்டும் பங்கு அலகு என்று ஓர் எண் இருக்கும். முடிவுத் தேதி 2092 என்று நீயே சொன்னாய். அது உன் வீட்டின் தேதி மட்டுமல்ல, கட்டடம் நிற்கும் முழு நிலத்தின் தேதி. ஒன்பதாம் மாடிக்கு 2092, நாலாம் மாடிக்கு 2150 என்று ஒரே மண்ணுக்கு இரண்டு முடிவு இருக்க முடியாது. ஆகவே மனு முழு நிலத்துக்கும் போக வேண்டும். கட்டடத்தின் நிர்வாகக் கழகம் முன்நின்று எல்லா வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும்.

செலவுக்குப் பரவலாக வழங்கும் கணக்கு இது: நில மதிப்பில் நூறில் ஒரு பங்கு, அதில் கால், அதை நீட்டிக்கும் ஆண்டுகளால் பெருக்கு. 67 ஆண்டு மீதி இருக்கையில் 99க்கு ஏற்றினால் 32 ஆண்டு. ஆக, நில மதிப்பில் 8 விழுக்காடு. உன் பங்கு நிலம் 50,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள், 4,000 ரிங்கிட். கட்டடத்துக்கு இதில் கணக்கில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் மாறும். ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று உறுதி: தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பெருக்கும் எண்ணைக் கூட்டுகிறது, நில விலையும் சும்மா இருப்பதில்லை. மீதி ஆண்டு குறையக் குறைய வங்கிகளும் கடன் கொடுக்கத் தயங்கும்.

"அரசு எப்படியும் நீட்டிக்கும்" என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாராம். சிங்கப்பூர் கேலாங், லோரோங் 3இல் 191 தொடர்வீடுகள் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தன. 2020 டிசம்பர் 31 அன்று தவணை முடிந்தது. இழப்பீடு இல்லாமல் நிலம் அரசிடம் திரும்பியது. வேறு நாடு, வேறு சட்டம்தான். ஆனாலும் தாளில் போட்ட தேதி ஒருநாள் வந்தே தீரும் என்பதை அவரிடம் சொல்.

நிர்வாகக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஐம்பது நாற்காலி போட்டு ஒன்பது பேர் வந்த கதையை நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்த ஒன்பதில் நீ இல்லை. மூன்று ஆண்டாக அந்தப் பக்கமே போகாதவன் நிலத்தை நீட்டிக்க யாரைக் கூட்டிக்கொண்டு போவாய்? பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் மூன்றாம் மாடிக்காரரும் உன் மண்ணின் கூட்டாளிதான். கோபித்துக்கொண்டாவது அவரோடு பேசு.

அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து எனக்கு எழுது. 2092ஐ விட அது பக்கத்தில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய வரலாற்று ஆசிரியர்