மிஞ்சிய தக்காளியும் ஒரு சதவீதக் கணக்கும்

திருவேங்கடத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எட்டுத் தக்காளிச் செடிகள் தை மாதத்தில் ஒன்றாகக் காய்த்துத் தள்ளின. ரசம், தொக்கு என்று வைத்தும் தீரவில்லை. மூன்றாம் முறை கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா, "முன்னால கொடுத்ததே இன்னும் தீரல டீச்சர்" என்று சிரித்தார். மீதியை ஏழாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். சதவீதம் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

"மிஞ்சின தக்காளியை என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். ஊறுகாய், வற்றல் என்று விடைகள் வந்தன. கடைசி வரிசை மாணவன் ஒருவன், "எங்க அப்பா பறிக்கவே இல்ல டீச்சர். ஆட்டை விட்டு மேய்ச்சுட்டாரு" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

மாலையில் அவனைத் தனியே அழைத்தேன். செலவுக் கணக்கை வீட்டில் கேட்டு வர முடியுமா, அதை வகுப்பில் சொல்லலாமா என்று கேட்டேன். மறுநாள் எழுதியே கொண்டுவந்தான்.

செயல்பாடு 1: வரவும் செலவும்

ஒரு பெட்டி 15 கிலோ. கிலோ 4 ரூபாய் வீதம் வரவு 60 ரூபாய். பறிகூலி 30, வண்டி வாடகை 25, கமிஷன் 10 சதவீதம், அதாவது 6 ரூபாய். மொத்தச் செலவு 61. நாற்று, உரச் செலவைச் சேர்க்காமலே பெட்டிக்கு 1 ரூபாய் நட்டம். முந்தைய நாள் சிரித்த மாணவி, "பறிச்சாத்தான் நட்டமா டீச்சர்?" என்று கேட்டாள். 1999இல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டத்தில் கமிஷன் கிடையாது. மற்றச் செலவுகள் மாறாவிட்டால் அங்கே 5 ரூபாய் கையில் நிற்கும் என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

செயல்பாடு 2: விலை ஏன் விழுகிறது?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. விலையைப் பார்த்துப் பலரும் நட்டார்கள். நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பழம் பறிக்கலாம். செப்டம்பரில் வரத்து பெருகி விலை சரிந்தது. இதைக் காலக்கோடாக வரையச் செய்தேன்.

செயல்பாடு 3: வற்றல்

2 கிலோ பழத்தைக் கழுவி, வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி, மெல்லிய துணியால் மூடி ஐந்து நாள் வெயிலில் காயவைத்தோம். கிடைத்தது 150 கிராம், அதாவது 7.5 சதவீதம். மீதி 92.5 சதவீதம் எங்கே போனது? தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதைத் தராசே சொல்லிவிட்டது.

அப்போது அந்த மாணவன் கேட்டான்: "நூறு பெட்டிய எங்க டீச்சர் காயப்போட?"

என்னிடம் உடனடி விடை இல்லை. அதையே வகுப்பின் அடுத்த கேள்வியாக்கினேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு வாரம் விட்டு வாரம் நடலாம் என்றது ஒரு குழு. பலர் சேர்ந்து குளிர்பதனக் கிடங்கு வைக்கலாம் என்றது மற்றொரு குழு. இரண்டிலும் உள்ள சிக்கலை அவனே எடுத்துச் சொன்னான்.

ஆசிரிய நண்பர்களே, எனக்கு மிஞ்சியது ஒரு கூடைப் பழம். அவன் வீட்டில் மிஞ்சியது கடன். இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்தச் சிரிப்பில்தான் உணர்ந்தேன். உங்கள் வகுப்பிலும் இந்தக் கணக்கைப் போடலாம். எண்களை மட்டும் நாமே எழுதாமல், உழும் வீட்டுப் பிள்ளைகளின் சம்மதத்தோடு அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.