கூட்டத்தில் பேசவும் கேட்கவும் பழகுவோம்



வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, அன்பியம், மகளிர் சுய உதவிக் குழு, கால்வாய்ப் பாசன விவசாயிகள் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் நம் குடும்பத்தார் அங்கத்தினராய் இருக்கிறார்கள். இத்தகைய அமைப்புகளில் சில நன்றாய் நடக்கின்றன. சில பெயரளவில் நிற்கின்றன. சில உடைந்து போகின்றன. உடைந்து போனதன் காரணத்தைக் கேட்டால், "பணத்தில் தகராறு" என்பார்கள். இன்னும் சற்று விசாரித்தால், பணத் தகராறுக்கு வெகு நாள் முன்னதாகவே அங்கே மனம் திறந்த பேச்சு நின்று போனது தெரியவரும். ஆகவே, கூட்டத்தில் பேசுவது எப்படி, கேட்பது எப்படி, அதைப் பிறருக்குப் பழக்குவது எப்படி என்பதை இவ்வாரம் படிப்போம்.

1. திண்ணையும் கூட்டமும்

முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் கூடியிருக்கும்போது அவர்கள் பேசாத விஷயம் இல்லை. கடையில் கொடுத்த இலை மோசம், கழித்த கட்டுகள் எத்தனை, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் எப்படிக் கட்டுவது என்று எல்லாம் பேசுவார்கள். அதே பெண்கள் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப் போகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டிக் கையெழுத்திட்டு எழுந்து போகிறார்கள். உண்மையான அபிப்பிராயம் மறுநாள் திண்ணையில்தான் வெளிவருகிறது. கூட்டத்தில் சொன்னால் யோசனையாகும் வார்த்தை, திண்ணையில் சொல்லப்படும்போது புறணியாகிறது. புறணி குழுவைப் பிளக்கும்.

2. பேச்சே ஈடு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பமாயிற்று. 1992-இல் நபார்டு வங்கி, இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கிற்று. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்த குழு, சில மாதங்கள் ஒழுங்காய்க் கூடிச் சேமித்துக் காட்டினால் வங்கி கடன் கொடுக்கும். நிலப் பத்திரமோ நகையோ ஈடாகக் கேட்பதில்லை. அப்படியானால் ஈடு எது? அந்தப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையே ஈடு. அந்த நம்பிக்கை பேச்சினால் வளர்கிறது, மௌனத்தினால் தேய்கிறது. இதை உணர்ந்துதான் அங்கத்தினருக்கும், குழுவின் ஊக்குநருக்கும், பிரதிநிதிகளுக்கும் பயிற்சி வைத்தார்கள்.

இதே பாடத்தை கனடா தேசத்து மீனவர்கள் முன்பே கற்றிருந்தார்கள். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஆன்டிகோனிஷ் நகரில் உள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம், 1928-இல் ஊர் மக்களுக்கான விரிவாக்கத் துறை ஒன்றை ஏற்படுத்தியது. அதன் முதல் இயக்குநர் மோசஸ் கோடி என்னும் குருவானவர். அவர் மீனவர்களையும் சுரங்கத் தொழிலாளரையும் விவசாயிகளையும் வீடுகளில் சிறு சிறு படிப்பு வட்டங்களாய் உட்கார வைத்தார். தங்கள் வறுமையின் காரணத்தைத் தாங்களே பேசி ஆராயப் பழகிய அந்த மக்கள், பிறகு தங்களுக்கென்று கடன் சங்கங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் நிறுவிக்கொண்டார்கள். பேச்சு முந்தியது, பணம் பிந்தியது.

3. எல்லாரும் பேசும் முறை

2023, 2024 அக்டோபர் மாதங்களில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில், கர்தினால்மாரும் கன்னியரும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து ஒரு முறையைக் கைக்கொண்டார்கள். அதை நம் கூட்டங்களிலும் கைக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்ல வேண்டும். யாரும் குறுக்கிடவோ பதில் சொல்லவோ கூடாது. பிறகு சற்று நேரம் மௌனம். இரண்டாம் சுற்றில், பிறர் சொன்னவற்றுள் தம் மனதைத் தொட்டது எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மூன்றாம் சுற்றில்தான் எல்லாரும் கூடி ஆலோசித்துத் தீர்மானிப்பது. பதினைந்து பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு குழு உடையாமல் இருப்பதற்கு இது பெரிய விலையா?

கேட்கும் விதமும் முக்கியம். ஒரு பெண் இரண்டு தவணை கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். "ஏன் கட்டலை?" என்று எல்லார் முன்னிலையிலும் அதட்டினால் அவள் அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டாள். "ரெண்டு தவணை நின்னு போச்சே மைனி, வீட்டுல என்ன கஷ்டம்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. கடனும் திரும்பி வர வேண்டும், மைனியும் திரும்பி வர வேண்டும் என்கிறேன்.

4. கை கொடுத்து, கையை எடுத்தல்

ஆற்றில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிறவர் அதன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்குவார். பிறகு சொல்லாமலே கையை எடுத்துவிடுவார். கரையில் நின்று உபதேசித்தாலும் பிள்ளை நீந்தாது. கையை எடுக்காவிட்டாலும் நீந்தாது. சபைக்குத் தலைவரை உருவாக்குவதும் இப்படித்தான். முதல் மாதம் புதியவர் அருகில் இருந்து பார்க்கட்டும். இரண்டாம் மாதம் அவர் நடத்த, பழையவர் அருகில் இருக்கட்டும். மூன்றாம் மாதம் பழையவர் பின்வரிசையில் உட்காரட்டும். கூட்டம் முடிந்தபின் தனியாய் அழைத்து, "எது நன்றாய் நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்கட்டும். பலர் முன்னிலையில் திருத்துவது பயிற்சியாகாது, அவமானமே ஆகும்.

எம்மாவு சாலையில் நம் ஆண்டவர் இரு சீடரோடு சேர்ந்து நடந்தார், முதலில் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார், பிறகே விளக்கினார், அவர்கள் கண் திறந்ததும் மறைந்து போனார். அந்த இருவரும் தாங்களாகவே எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள். இருபது வருஷம் ஒரே காரியதரிசி இருப்பதைப் பெருமையாய்ச் சொல்லும் சபைகள் இதைச் சிந்திக்க வேண்டும். அவர் உழைப்பு பெரிதுதான். ஆனால் அவருக்குப் பின் நடத்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையென்றால் அந்தச் சபையின் கதி என்ன?

வீட்டில் கலந்து பேச:

அ. சென்ற கூட்டத்தில் வாய் திறவாமல் இருந்தவர் யார்? அவரைப் பேச வைக்க நான் என்ன செய்தேன்?

ஆ. கூட்டத்தில் சொல்ல வேண்டியதை நான் திண்ணையில் சொன்னதுண்டா?

இ. என் பொறுப்பை யாருக்குப் பழக்கி வருகிறேன்?

இந்த வாரம் கூடும் ஒவ்வொரு சபையும் ஒரே ஒரு சுற்றையாவது குறுக்கீடு இல்லாமல் நடத்திப் பார்க்கட்டும்.